டவர் படுத்துவிட்டால் 5 வாட் ரேடியோ போதுமா? விழுப்புரம் – திண்டிவனம் சொல்லும் கணக்கு

2024 நவம்பர் 30 இரவு. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகாவது நகர்ந்ததா என்றால் இல்லை. பல மணி நேரம் அதே இடத்தில் நின்று கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை 8.30 மணிக்கு எடுத்த 24 மணி நேர மழைக் கணக்கில் மயிலம் 50 செ.மீ. அளவை ஒட்டி நின்றது. திண்டிவனத்தில் 37 செ.மீ. அதற்கும் அடுத்த நாள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரை ஊர்களில் வெள்ளம் புகுந்தது. அரசூர் பக்கம் சென்னை – திருச்சி நெடுஞ்சாலை தண்ணீருக்குள். விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் இடையே பாலத்தைத் தொடும் அளவுக்குத் தண்ணீர் ஓடியதால் ரயில்கள் நின்றன.

இப்படி ஒரு நாளில் கரண்ட் போனால் அடுத்து என்ன நடக்கும் என்பது இந்தப் பக்கத்து மக்களுக்கு அத்துப்படி. முதலில் வைஃபை. அப்புறம் போன் சார்ஜ். செல்போன் டவரில் பேட்டரி இருக்கும், பல இடங்களில் டீசல் ஜெனரேட்டரும் இருக்கும். ஆனால் பேட்டரி தாங்குவது சில மணி நேரம். டீசல் கொண்டுபோக ரோடு வேண்டும். ரோடு தண்ணீருக்குள் இருந்தால்? 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலிலும் இதே கதைதான்.

இந்த இடத்தில்தான் ஒரு பழைய பொழுதுபோக்கு நினைவுக்கு வருகிறது. அமெச்சூர் ரேடியோ, அதாவது ஹாம் ரேடியோ. அதிலும் ஒரு சின்னப் பிரிவு: 5 வாட், 10 வாட் பவரில் மட்டுமே பேசுவேன் என்று அடம்பிடிப்பவர்கள். வீட்டில் எரியும் ஒரு எல்இடி பல்பைவிடக் குறைவான பவர் அது. அதை வைத்து திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்காவது பேச முடியுமா? முடியும். ஆனால் நாம் நினைக்கும் வழியில் இல்லை.

யார் இந்த க்யூஆர்பி ஆட்கள்?

தந்தி காலத்திலிருந்து கம்பியில்லாத் தகவல் தொடர்பில் மூன்றெழுத்துச் சுருக்கங்கள் உண்டு. ‘க்யூஆர்பி’ என்றால் ‘பவரைக் குறைக்கவா?’ என்று அர்த்தம். அதுவே நாளடைவில் குறைந்த பவர் ரேடியோ பிரியர்களின் பெயராகிவிட்டது. உலக அளவில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு: மோர்ஸ் தட்டினால் 5 வாட், வாயால் பேசினால் உச்சத்தில் 10 வாட்.

இது சட்டம் அல்ல, அவர்களே போட்டுக்கொண்ட கோடு. இந்தியாவில் பொதுத் தர லைசென்ஸ் இருந்தால் 400 வாட் வரை போகலாம். அப்புறம் ஏன் 5 வாட்டில் கஷ்டப்பட வேண்டும்? மீன் வாங்க மார்க்கெட் இருக்கும்போது தூண்டிலோடு ஏரிக்கரையில் உட்காருபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. செலவு குறைவு, கருவியைத் தானே செய்துகொள்ளலாம், பையில் போட்டு எடுத்துப் போகலாம் என்று காரணங்கள் சொல்வார்கள். இவ்வளவு சின்ன கருவியில் இவ்வளவு தூரம் போய்விட்டதே என்ற குஷி அவை எல்லாவற்றையும்விடப் பெரிது.

5 வாட் என்றால் உண்மையில் எவ்வளவு?

100 வாட் கருவியோடு ஒப்பிட்டால் 5 வாட் இருபதில் ஒரு பங்கு. அப்படியானால் எதிர்முனையில் சத்தமும் இருபதில் ஒரு பங்குதான் கேட்குமா? கேட்பவரின் காதுக்கு அப்படித் தெரியாது. ரேடியோவில் சிக்னலின் பலத்தை டெசிபல் கணக்கில் அளக்கிறார்கள். இருபது மடங்கு குறைவு என்பது 13 டெசிபல். ரேடியோவின் சிக்னல் மீட்டரில் ஒரு கோடு சுமார் 6 டெசிபல். ஆக, 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் முள் இரண்டு கோடுகள் இறங்கும். அவ்வளவுதான். எட்டாம் கோட்டில் தெளிவாகக் கேட்டவர் ஆறாம் கோட்டில் கேட்பார்; உரையாடல் நடக்கும்.

மோர்ஸில் இன்னொரு லாபம். மனிதக் குரலை அனுப்ப 2,400 ஹெர்ட்ஸ் அளவுக்கு அகலம் வேண்டும். மோர்ஸுக்கு சில நூறு ஹெர்ட்ஸ் போதும். அதே 5 வாட்டைக் குறுகிய பாதையில் செலுத்துகிறோம், கேட்பவரும் அந்தக் குறுகிய பாதைக்கு மட்டும் காதைத் திறந்து வைத்தால் இரைச்சல் பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். 2017-இல் வந்த எஃப்டி8 என்ற கணினி முறை இதை இன்னும் இறுக்கியது. 15 விநாடிக்கு ஒரு சின்னச் செய்தி, 50 ஹெர்ட்ஸ் அகலம். காதுக்கே கேட்காத சிக்னலையும் லேப்டாப் படித்துவிடும். இதை உருவாக்கியவர்களில் ஒருவர் ஜோ டெய்லர். 1993-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், அவரும் ஹாம்தான். மொட்டை மாடியிலிருந்து 5 வாட்டில் ஐரோப்பாவைப் பிடித்தேன் என்று ஒருவர் சொன்னால் அது கப்ஸா இல்லை.

37 கி.மீ. – கைக்கருவி ஏன் எட்டாது?

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நேர்க்கோட்டில் சுமார் 37 கி.மீ. பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் தூரம். ஐரோப்பாவுக்கே போகும் 5 வாட், பக்கத்து ஊருக்குப் போகாதா?

வாக்கி டாக்கி மாதிரியான கைக்கருவி 5 வாட் என்றாலும் அது 144 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்வது. அந்த அலை நேராகப் போகும். பூமி வளையும் இடத்தில் தவறிவிடும். தோராயக் கணக்கு ஒன்று உண்டு: ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அந்த அலைக்கான அடிவானத் தூரம் கிலோமீட்டரில் வரும். தரையில் நின்று கையில் பிடித்தால் 5 கி.மீ. எதிரில் இருப்பவருக்கும் 5 கி.மீ. கூட்டினால் 10. அதுவும் வெட்டவெளியில், நடுவில் கட்டடங்களும் தோப்புகளும் இருந்தால் அதில் பாதி கிடைப்பதே பெரிது. இருவருமே மாடியில் 10 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்தால் 26 கி.மீ. அப்போதும் திண்டிவனம் வராது. இரண்டு ஊரிலும் 20 மீட்டர் உயரக் கம்பம் வேண்டும்.

அல்லது நடுவில் ஒருவர் மலை மேல் நின்று வாங்கிக் கொடுக்க வேண்டும். செஞ்சி ராஜகிரியின் உயரம் சுமார் 240 மீட்டர். அதே கணக்கில் அங்கிருந்து 60 கி.மீ.க்கு மேல் பார்வை. விழுப்புரம், திண்டிவனம் இரண்டுமே அதற்குள் அடக்கம். அந்த மலையில் கோட்டை எழுந்த காரணமும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற தொல்லியல் சின்னத்தின் உச்சியில், புயல் இரவில், பேட்டரியோடு யாரை ஏறச் சொல்வது?

எனவே வழி வேறு. அலையை எதிரில் அனுப்பாமல் நேர் மேலே அனுப்புவது. 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலை, பூமிக்கு மேலே சில நூறு கி.மீ. உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும். தோட்டக் குழாயை வானத்தைப் பார்த்துப் பிடித்தால் தண்ணீர் சுற்றிலும் விழும் அல்லவா, அதுபோல. விழுப்புரத்தில் மேலே போன சிக்னல் திண்டிவனத்திலும் விழும், சென்னையிலும் விழும், திருச்சியிலும் விழும். நடுவில் மலையா, கட்டடமா, வெள்ளமா என்ற கேள்வியே இல்லை. டவர் வேண்டாம், கேபிள் வேண்டாம். அந்த மண்டலத்துக்கு எந்த கம்பெனியும் பில் போடுவதில்லை.

இதில் ஒரு வசதி: இப்படி மேலே அனுப்ப ஆன்டெனா உயரமாக இருக்கவே கூடாது. ஒரு மாடி வீட்டு உயரம்தான் சரியான உயரம்.

இரவில்தான் தொந்தரவு. சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலம் மெலியும். ஒரு கட்டத்துக்கு மேல் 7 மெகாஹெர்ட்ஸ் அலை திரும்பாமல் வானத்தைத் துளைத்துக்கொண்டு போய்விடும். தூரத்து நாடுகள் கேட்கும், பக்கத்து ஊர் காணாமல் போகும். அப்போது 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும், அதற்கு இரண்டு மடங்கு நீளக் கம்பி. சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருந்த 2024 மாதிரி ஆண்டுகளில் நிலைமை பரவாயில்லை. அடங்கும் ஆண்டுகளில் மோசம். ஃபெஞ்சல் கரையைக் கடந்ததே இரவு 11 மணி வாக்கில்தான் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மொட்டை மாடியில் ஒரு நாள்

7 மெகாஹெர்ட்ஸுக்கான சாதாரண ஆன்டெனா ரொம்ப எளிது. நடுவில் வெட்டிய 20 மீட்டர் ஒயர். இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. வீட்டு ஒயரிங் செய்யும் காப்பர் ஒயரே போதும். நடுவைத் தூக்கி நிறுத்த ஒரு கழி. மரக்காணம் பக்கம் சவுக்குத் தோப்புக்குக் குறைவே இல்லாத மாவட்டத்தில் கழிக்குப் பஞ்சமா? இரண்டு முனைகளையும் நைலான் கயிற்றில் தென்னை மரத்துக்கோ பக்கத்துச் சுவருக்கோ இழுத்துக் கட்டினால் முடிந்தது. கரண்ட் கம்பிக்கு அருகே மட்டும் போகவே கூடாது; கழி சாய்ந்தாலும் கம்பியில் விழாத தூரம் வேண்டும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். “என்ன தம்பி, கேபிள் டிவி கனெக்‌ஷனா?” என்று தொடங்கும் விசாரணை, “இதனால எங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?” என்று வளர்ந்து, “போலீஸ்ல சொல்லிட்டீங்களா?” என்பதில் வந்து நிற்கும். லைசென்ஸை ஃபோட்டோகாப்பி எடுத்து வீட்டிலேயே வைத்திருப்பது நல்லது என்று பழைய ஹாம்கள் சொல்வது சும்மா இல்லை. வாடகை வீடு என்றால் இன்னும் கஷ்டம். மொட்டை மாடி ஹவுஸ் ஓனருடையது, துணி காயப்போடும் கொடிக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே எல்லைத் தகராறு நிச்சயம்.

அடுத்த எதிரி இரைச்சல். இருபது வருடத்துக்கு முன் ஊர் இரவில் அமைதியாக இருந்தது, ரேடியோவிலும் அமைதி. இன்று ஒவ்வொரு வீட்டிலும் மலிவான எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர், சோலார் பேனலுக்கான கன்ட்ரோலர். இவற்றுக்குள் இருக்கும் ஸ்விட்சிங் சர்க்யூட் சரியாக மூடப்படாவிட்டால் குறுகிய அலை முழுக்க ‘கொர்ர்’ என்ற சத்தத்தைக் கொட்டும். 5 வாட்டில் அனுப்புபவருக்கு இதனால் நேரடி பாதிப்பு இல்லை, அவரைக் கேட்க முயல்பவருக்குத்தான் பாதிப்பு. வீட்டில் ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்து ‘குற்றவாளி’ யார் என்று கண்டுபிடிப்பது இந்தப் பொழுதுபோக்கின் முதல் பாடம். பக்கத்து வீட்டு பல்பு என்றால் புது பல்பு வாங்கிக் கொடுத்து சமாதானம் செய்ய வேண்டியதுதான். இதில் ஒரு முரண் இருக்கிறது: ஊர் முழுக்கக் கரண்ட் போகும்போது இந்த இரைச்சலும் போய்விடும். புயல் மின்னலின் படபடப்பு இல்லாவிட்டால், அன்றைக்குத்தான் ரேடியோ நன்றாகக் கேட்கும்.

காலை 7 மணி சுமாருக்கு 7 மெகாஹெர்ட்ஸ் களைகட்டும். அயனி மண்டலம் விழித்துக்கொண்டிருக்கும், நடுப்பகலில் சிக்னலை விழுங்கும் கீழ் அடுக்கு இன்னும் கெட்டியாகியிருக்காது. டீ டம்ளரோடு உட்கார்ந்து, யார் வருகிறார்கள், சிக்னல் எப்படி என்று வருகைப் பதிவு நடத்தும் ‘நெட்’ என்ற கூட்டங்கள் அப்போது நடக்கும். ஆபீஸ் போகும் முன் அரை மணி நேரம். பேச்சு என்னவோ ஆன்டெனா, மழை, உடம்பு எப்படி என்பதுதான். வியாபாரம் பேசக்கூடாது, பாட்டு போடக்கூடாது, ரகசியக் குறியீட்டில் பேசக்கூடாது என்பது விதி. வாட்ஸ்அப் குரூப்போடு ஒப்பிட்டால் சலிப்பாகத் தெரியலாம். அவசர நாளில் யார் குரல் எங்கிருந்து எவ்வளவு தூரம் கேட்கும் என்பது இந்தச் சலிப்பான காலைகளில்தான் மனதில் பதிகிறது.

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் இன்னொரு பழக்கம் கட்டாயம்: இடி கேட்டதும் ஆன்டெனாவைக் கழற்றுவது. மாடியில் நீண்ட செப்புக் கம்பி கட்டியவர் இதை மறந்தால் கருவி மட்டும் போகாது.

கருவி எங்கே கிடைக்கும்?

வெளிநாட்டு பிராண்டுகளின் கையடக்க 10 வாட் கருவிகள் இந்தியா வந்து சேரும்போது 1 லட்சம் ரூபாயைத் தாண்டிவிடுகின்றன. மாதச் சம்பளத்தில் பொழுதுபோக்கு தேடுபவருக்கு இது கட்டுப்படியாகாது.

இதற்கு விடை ஹைதராபாத்திலிருந்து வந்தது. அஷர் ஃபர்ஹான் என்ற ஹாம் 2000-களின் தொடக்கத்தில் ‘பிட்எக்ஸ்’ என்ற சர்க்யூட்டை வடிவமைத்து எல்லோருக்கும் திறந்து வைத்தார். அவர் வைத்த நிபந்தனை நம்மூர் நிபந்தனை: உள்ளூர்க் கடையில் கிடைக்காத பாகம் எதுவும் இருக்கக்கூடாது. காயில் சுற்ற வெளிநாட்டு ஃபெரைட் வளையம் கிடைக்கவில்லையா? தண்ணீர்க் குழாயில் போடும் வாஷர் மீதே சுற்றிக்கொள் என்றார். அது வேலையும் செய்தது. பிறகு 2016-இல் பிட்எக்ஸ்40, 2017 கடைசியில் 10 வாட் மைக்ரோபிட்எக்ஸ் என்று தயார் போர்டுகளாக அவரது ஹெச்எஃப் சிக்னல்ஸ் நிறுவனம் விற்கத் தொடங்கியது. காயில் சுற்றும் வேலையை ஹைதராபாத் பெண்கள் குழு ஒன்று செய்தது. இந்த போர்டுகள் அமெரிக்கா, ஐரோப்பா வரை போயின. குறைந்த பவர் ரேடியோ உலகில் இந்தியாவுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்றால் அது இதனால்தான். நம்மூரில் இது எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

திண்டிவனத்திலிருந்து ரிச்சி ஸ்ட்ரீட் இரண்டரை, மூன்று மணி நேரப் பயணம். சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், ஒரு வாரக் கடைசி இருந்தால் பாலிடெக்னிக் மாணவர் ஒருவருக்கு இது கைக்கு எட்டாத வேலை இல்லை.

பேட்டரி கணக்கு – இங்கேதான் 5 வாட் ஜெயிக்கிறது

யூபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். சின்ன கருவி கேட்டுக்கொண்டே இருக்கும்போது கால் ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால், ஏட்டுக் கணக்கில் 28 மணி நேரம். நடைமுறையில் 20 என்று குறைத்தாலும் கிட்டத்தட்ட ஒரு நாள். அனுப்பும்போது 1 முதல் 2 ஆம்பியர். ஒரு மணி நேரத்தில் சில நிமிடம் மட்டும் பேசினால் கணக்கு பெரிதாக மாறாது.

100 வாட் கருவி கேட்கும்போதே 1 ஆம்பியர் சுமார் இழுக்கும், பேசும்போது 20. அந்தச் சின்ன பேட்டரியால் இந்த இழுப்பைத் தாங்கவே முடியாது. கார் பேட்டரி வேண்டும், அதை சார்ஜ் செய்ய ஜெனரேட்டர் வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். திரும்ப டவர் இருந்த அதே இடத்துக்கு வந்துவிட்டோம். பைக் பேட்டரியிலேயே ஓட்டக்கூடிய கருவிக்கு இந்தச் சங்கிலி எதுவும் தேவையில்லை. கரண்ட் வர மூன்று நாள் ஆகும் ஊரில் பவர் குறைவு என்பது குறையே இல்லை.

லைசென்ஸ் எடுப்பது கஷ்டமா?

ஹாம் ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டாயம். 1978-இல் போடப்பட்ட அமெச்சூர் சேவை விதிகள்தான் அடிப்படை. நடத்துவது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு. விண்ணப்பம் சரள் சஞ்சார் இணையதளத்தில். 12 வயது நிரம்பினால் போதும். தேர்வில் அடிப்படை எலக்ட்ரானிக்ஸ், ரேடியோ விதிகள். பிளஸ் டூ இயற்பியல் மறக்காதவருக்குப் பெரிய மலை இல்லை. லைசென்ஸ் கட்டணம் 20 ஆண்டுக்கு 1,000 ரூபாய். ஒரு மாத ஓடிடி சந்தாக்களைக் கூட்டினால் பல பேருக்கு இதைவிட அதிகம் வரும்.

இரண்டு தரம் உண்டு. ரெஸ்ட்ரிக்டட் தரத்துக்கு மோர்ஸ் தேர்வு கிடையாது. குறுகிய அலையில் 50 வாட் வரை, பெரும்பாலும் பேச்சு. அழைப்புக் குறியீடு வியூ3 என்று தொடங்கும். பொதுத் தரத்துக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் கேட்கவும் தெரிய வேண்டும், அவர்கள் வியூ2. இங்கே கொஞ்சம் உறுத்துகிறது. 5 வாட்டுக்கு மிகவும் கைகொடுப்பது மோர்ஸ்தான். ஆனால் சின்ன ஊரிலிருந்து முதல் முறையாக வருபவர் எடுப்பது ரெஸ்ட்ரிக்டட் தரம். குறைந்த பவரில் ஆர்வம் உள்ளவருக்கு மிகவும் தேவையான கருவி இரண்டாவது தேர்வுக்குப் பின்னால் இருக்கிறது. மோர்ஸ் கட்டாயம் என்ற சர்வதேச நிபந்தனையை 2003-லேயே எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் மோர்ஸ் இல்லாமலே எல்லா தர லைசென்ஸும் கிடைக்கிறது, அங்கே லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். மோர்ஸ் மேல் பாசம் வைப்பது வேறு, அதை வாசலில் காவல் நிறுத்துவது வேறு.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த வாக்கி டாக்கி வாங்கினால் ஹாம் ஆகிவிட முடியாது. பல மாடல்கள் போலீஸ், தீயணைப்பு உள்ளிட்டவர்களின் அலைவரிசையிலும் புகக்கூடியவை. அனுமதி விவரம் இல்லாமல் இவற்றை விற்றதற்காக 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இ-காமர்ஸ் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது; விற்பனைக்கான வழிகாட்டுதல்களும் வந்தன. லைசென்ஸ் தேவையில்லாத வகையும் உண்டு, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை. கல்யாண மண்டபம், கட்டட வேலை அளவுக்கு அது சரி.

கலெக்டர் கூப்பிட்டால் வரலாம் – யார் வருவார்?

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது என்ன நடந்தது என்பது ஹாம் வட்டாரத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழு ஒன்று, பாரதி பிரசாத் தலைமையில், அந்த மாதத் தொடக்கத்தில்தான் போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. போனது பேரிடர் வேலைக்கு அல்ல. அந்தமானில் 17 ஆண்டுகளாக ஹாம் ரேடியோவுக்கு அனுமதி இல்லாமல் இருந்து அப்போதுதான் கிடைத்திருந்தது. உலக ஹாம்களோடு பேசும் விளையாட்டுக்காகப் போனார்கள். அலை அடித்த பிறகு, தீவுகளின் தொடர்பு அறுந்த நேரத்தில், ஹோட்டலில் இருந்த அந்த விளையாட்டுக் கருவிகளே செய்திப் பாலமாயின. யார் உயிரோடு இருக்கிறார், எங்கே என்ன தேவை என்ற தகவல்கள் அதன் வழியாகப் போயின.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. சாதாரணமாக ஹாம் ஒருவர் மற்றவருக்காகச் செய்தி அனுப்பக்கூடாது. ஆனால் வெள்ளம், புயல், நிலநடுக்கம் போன்ற நேரத்தில் வழக்கமான தகவல் தொடர்பு அறுந்தால், மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் அதிகாரம் அளித்த அதிகாரியிடமிருந்து வரும், அவர்களுக்குப் போகும் செய்திகளைக் கையாளலாம் என்கின்றன அதே 1978 விதிகள். கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஒரு வார்த்தை போதும்.

கூப்பிட ஆள் வேண்டுமே. அந்தமானில் அது தற்செயல். கருவியும் ஆளும் சரியான நாளில் சரியான ஊரில் இருந்தார்கள். விழுப்புரத்தில் தற்செயலை நம்ப முடியாது. மேற்கு வங்கத்தில் வேறு வழி கண்டிருக்கிறார்கள்: கங்காசாகர் மேளாவில் கூட்டத்தில் தொலைந்துபோனவர்களைக் குடும்பத்தோடு சேர்க்கும் வேலையை வெஸ்ட் பெங்கால் ரேடியோ கிளப் ஆண்டுதோறும் செய்கிறது. பேரிடருக்கான ஒத்திகையாகவும் அது ஆகிவிடுகிறது, அதிகாரிகளுக்கும் அந்த முகங்கள் பழகிவிடுகின்றன. விழுப்புரம் மாவட்டத்தில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு மாதாமாதம் அமாவாசைக்குக் கூட்டம் அலைமோதுகிறது. ஒரே இடத்தில் அத்தனை ஆயிரம் பேர் செல்போன் எடுத்தால் நெட்வொர்க் திணறத்தான் செய்யும். நாலு ஹாம், நாலு சின்ன கருவி, மாதம் ஒரு இரவு. இதற்குப் புயல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

எதற்கு உதவாது?

இதையும் சொல்லிவிட வேண்டும். சாத்தனூர் அணை திறப்பின்போது எழுந்த பெரிய சண்டையே எச்சரிக்கை போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதுதான். எதிர்க்கட்சிகள் இல்லை என்றன, அரசு முறைப்படி எச்சரித்தோம் என்றது. ஆற்றங்கரைக் குடிசையில் தூங்குபவரை எழுப்ப ஹாம் ரேடியோவால் முடியாது. அதற்கு சைரன், தண்டோரா, வருவாய்த் துறை ஆட்கள் வேண்டும். போட்டோ அனுப்ப, பணம் அனுப்ப, ஆம்புலன்ஸுக்கு லொகேஷன் பகிர இது உதவாது. ஒரு தாலுகா அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு ‘படகு 3 வேண்டும், பால் பவுடர் இல்லை, பாலம் மூழ்கிவிட்டது’ என்ற நாலு வரியைக் கொண்டுசேர்க்கும். போலீஸுக்கும் தனி வயர்லெஸ் உண்டு, மீட்புப் படைகளுக்கு சேட்டிலைட் போன் உண்டு. ஆனால் அவை மாவட்டத் தலைநகரிலும் மீட்பு வண்டியிலும் இருக்கும். தண்ணீர் சூழ்ந்த ஊருக்குள் முதல் நாளே இருப்பது அந்த ஊர்க்காரரின் கருவி மட்டும்தான்.

கருவியே வாங்காமல் இது எப்படி இருக்கும் என்று கேட்டுப்பார்க்க ஒரு வழி உண்டு. ‘வெப்எஸ்டிஆர்’, ‘கிவிஎஸ்டிஆர்’ என்று தேடினால், உலகின் பல இடங்களில் ஆர்வலர்கள் இணையத்தோடு இணைத்து வைத்திருக்கும் ரிசீவர்கள் போன் பிரவுசரிலேயே திறக்கும். இந்தியாவுக்கு அருகில் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காலையில் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை எல்எஸ்பி முறையில் மெதுவாக நகர்த்திக்கொண்டே போகலாம். முதலில் வாத்துச் சத்தம் மாதிரி ஏதோ கேட்கும். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் அது மனிதக் குரலாகும். சில நாள் தமிழாகவும் இருக்கும்.